கட்டிலுக்கு அடியில் இருந்த பதினொரு சதவீதம்

விவேக் நகரில் யூனிஸ் பதினாலு கடைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஒரு காலை கிளம்பினாள். அன்று சாயங்காலத்துக்குள் மும்பையில் நவசந்திரா கம்பெனியின் ஷேர் நூறு ரூபாய் விழுந்தது. சேர்மன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பால் வாங்க வருகிறவர்கள், மெழுகுவர்த்தி வாங்க வருகிறவர்கள், வழி கேட்கத் தலையை நீட்டிய ஆட்டோக்காரர் என்று எல்லாரிடமும் அவள் இதைச் சொல்லியாகிவிட்டது. கேட்கிறவர் புருவத்தைத் தூக்கினால் கொஞ்சம் இறங்கி வருவாள்.

"சரிப்பா, சேர்மன் சாப்பாடு நானா சேத்தது. அந்த நூறு ரூபாயும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். மீதியெல்லாம் மாதா சத்தியமா நடந்தது."

மீதி என்று அவள் எதைச் சொல்கிறாள் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

யூனிஸுக்கு ஐம்பத்தாறு வயது. குழந்தை இயேசு சர்ச்சுக்குப் பின்சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில், இருபத்தாறு வருஷமாக யூனிஸ் ஸ்டோர்ஸ். புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அடுத்த தெருவில் சொந்த வீடு. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறாள். கோபம் அவளுக்குக் காலைக் காபி மாதிரி. வராத நாளில்தான் அக்கம்பக்கத்தார் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். முட்டையைத் தட்டிப் பார்க்கிறவர்கள் மேல் கோபம், கிழிந்த இருபது ரூபாயை மடித்துத் தருகிறவர்கள் மேல் கோபம், வியாழக்கிழமை ஜெபத்துக்கு வந்து கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துகிறவர்கள் மேல் தீராத கோபம்.

அந்த வருஷம் பிப்ரவரியில் கடைக்குச் சொந்தக்காரர் நாகேஷ் வந்தார். மார்ச் முப்பத்தொன்றோடு அக்ரிமென்ட் முடிகிறது. வாடகையில் நாலாயிரம் ஏற்றிக் கொடுத்தால் இன்னும் மூன்று வருஷம் இருக்கலாம். இல்லையென்றால் கடையைக் காலிசெய்துவிட்டு, கொடுத்திருந்த அட்வான்ஸ் ஐந்து லட்சத்தை வாங்கிக்கொள்ளலாம். "யோசனே மாடி ஹேளம்மா", யோசித்துச் சொல்லும்மா என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க வழி சொன்னது மாடியில் குடியிருக்கும் ரகு. திருப்பத்தூர்ப் பையன், ஐ.டி. வேலை, பெண்டாட்டி சௌம்யாவுக்கும் அதே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லாவின் மேல் போனை வைத்து, விற்பனை பச்சைக் கம்பங்களாக ஏறுகிற படத்தைக் காட்டி ஆரம்பித்தான்.

"ஆன்ட்டி, கோபப்படாம கேளுங்க."

"கோபப்படாம கேக்கற விஷயமா இருந்தா நீ ஏன் மேன் இப்படி ஆரம்பிக்கிற?"

"கடைய விட்டுடுங்க. மாடி வாடகை உங்க செலவுக்குப் போதும். அந்த அஞ்சு லட்சத்துக்கும் நவசந்திரா ஷேர் வாங்கிப் போடுங்க. உச்சத்துல ரெண்டாயிரத்து எழுநூறுக்கு இருந்தது. இப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு வந்திருக்கு. மூணு வருஷமா ஒவ்வொரு மார்ச் காலாண்டுலயும் விற்பனை பதினொரு சதவீதம் ஏறுது பாருங்க. சோப்பு இல்லாம குளிப்பாங்களா? பவுடர் இல்லாம துவைப்பாங்களா?"

யூனிஸ் திரும்பித் தன் அலமாரியைப் பார்த்தாள். பாதி நவசந்திராதான். மல்லிமதி சோப்பு, புறா சலவைப் பவுடர், பேஸ்ட், பிஸ்கட். இருபத்தாறு வருஷமாக அவர்கள் சரக்கைத் தூசி தட்டி, எலியிடமிருந்து காப்பாற்றி விற்றதற்கு அந்தக் கம்பெனி அவளுக்குத் தந்தது ஒரு சுவர்க் கடிகாரம். அதுவும் கொரோனா வருஷத்தில் நின்றது, நின்றபடியே இருக்கிறது.

ஆனாலும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஷேர் வாங்கினால் பங்குதாரர். பங்குதாரர் என்றால் முதலாளி. அடுத்த தடவை ஏரியா மேனேஜர் கடைக்கு வந்து, ஷெல்ஃபில் எங்கள் சோப்பு ஏன் இரண்டாவது வரிசையில் இருக்கிறது என்று கேட்டால், "முதலாளிகிட்ட எப்பிடிப் பேசணும்னு தெரியாதா மேன்?" என்று கேட்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஐந்து லட்சம் கொடுக்கலாம் போலிருந்தது.

அந்த ஆசை செவ்வாய்க்கிழமை வரைதான் இருந்தது.

செவ்வாய் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, பத்து நிமிஷத்தில் சாமான் கொண்டுவரும் ஆப்காரர் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். காகிதப் பையை வாங்க வந்த சௌம்யா, கீழே யூனிஸைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"காட்டும்மா. நான் என்ன போலீஸா?"

பைக்குள் மல்லிமதி சோப்பு, நாலு சேர்ந்த கட்டு. யூனிஸ் கட்டின் மேல் அச்சிட்ட விலையைப் பார்த்தாள்: நூற்று எண்பது. சௌம்யாவின் போனில் பில்லைப் பார்த்தாள்: நூற்று நாற்பத்தொன்பது. அதே கட்டை அவளுக்கு ஏஜென்சி கொடுக்கிற விலை நூற்று ஐம்பத்தெட்டு.

"ஆன்ட்டி, மீட்டிங்ல இருந்தேன், கீழ இறங்க முடியல..." என்று சௌம்யா இழுத்தாள்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல" என்றாள் யூனிஸ், தெருமுனை வரை கேட்கிற குரலில். "நான் வாங்கற விலைக்கும் கீழ ஒன்பது ரூபா கம்மியா உனக்கு வீடு தேடி வருது. இனிமே நானும் உன்கிட்டயே வாங்கி வித்துக்கறேன்!"

அன்றைக்குச் சாப்பிடவில்லை. கடைக்குத் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். என்னை நசுக்குகிற காலுக்கு நானே செருப்பு வாங்கித் தரவேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் யூனிஸ் பி.யூ.சி.யில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். கோபம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். கம்பெனி பொல்லாதது என்பதாலேயே ஷேர் நஷ்டம் என்றாகிவிடாது. பொல்லாதவர்கள் நன்றாகச் சம்பாதிப்பதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் ரகுவைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஷேருக்கு அந்தக் கம்பெனி வருஷத்துல எவ்வளவு லாபம் பண்ணுது?"

"நாப்பது ரூபா, ஆன்ட்டி."

"அதுக்கு நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபா தரணும்." ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் வகுத்தாள். "நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டு வருஷ லாபத்த இன்னிக்கே எடுத்து வைக்கணும். பக்கத்துக் கடைய ஒருத்தன் இந்த விலை சொல்லி விக்க வந்தா, தொடப்பத்தத் தேடுவேன். கையில எவ்வளவு வரும்?"

"டிவிடெண்ட் ஷேருக்கு முப்பத்தெட்டு. அஞ்சு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம்."

"மாசத்துக்கு?"

"வருஷத்துக்கு, ஆன்ட்டி."

யூனிஸ் சிரித்தாள். அவள் சிரிப்பது கோபப்படுவதைவிடப் பயமாக இருக்கும். "கொத்தமல்லிக் கட்டு வித்தே நான் அதுக்கு மேல பாக்கறேன் மேன்."

"டிவிடெண்டப் பாக்காதீங்க. வளர்ச்சிய பாருங்க. வருஷா வருஷம் பதினொரு சதவீதம் ஏறுனா, இன்னிக்கு நாப்பது ரூபா லாபம் ஏழு வருஷத்துல எண்பது ஆகும். அதுக்குத்தான் இந்த விலை."

அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததும் யூனிஸுக்கு எரிச்சலாக இருந்தது. அப்படியானால் எல்லாம் அந்தப் பதினொன்றில்தான் இருக்கிறது. அது மெய்யா பொய்யா?

மறுநாள் காலை லட்சுமம்மா வந்தாள். ஈஜிபுராவிலிருந்து நடந்து வந்து நாலு வீட்டில் வேலை செய்கிறவள். போகிற வழியில் புறா பவுடர் பத்து ரூபாய்ப் பாக்கெட் இரண்டு வாங்குவாள். அன்றைக்கு மூன்று கேட்டாள்.

"ஏன், துணி ஜாஸ்தியா?"

"துணி அதேதான் யூனிஸம்மா. பவுடருதான் பேஜாரு. முன்ன ஒரு பாக்கெட்டு மூணு வாட்டி வரும். இப்ப ரெண்டு வாட்டிக்கே உதறி உதறிப் போடுறேன். ரேட்டு மட்டும் அதே பத்து ரூபா, பாவம் ஏத்தல, ரொம்ப நல்லவனுங்க."

யூனிஸ் பழைய பாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்துப் புதியதோடு வைத்துப் பார்த்தாள். முன்பு நூற்றைம்பது கிராம். இப்போது நூற்றிருபது. லட்சுமம்மா மூன்று வாங்குவது அவர்கள் புத்தகத்தில் வளர்ச்சி. இங்கே கூடுதலாக ஒரு சட்டைகூட வெளுக்கவில்லை.

"பாதி வெளங்கிச்சு" என்று முணுமுணுத்தாள். மீதி பாதி, மார்ச் கடைசி வியாழக்கிழமை பைக்கில் வந்தது.

கோவிந்தன், இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு நவசந்திரா சரக்கு கொடுக்கிற ராகவன் ஏஜென்சியின் லைன் சேல்ஸ்மேன், கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக வியாழன்தோறும் வருகிறான். நல்லவன். யூனிஸின் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவன். அதனால்தான் அவன் வருஷக் கடைசியில் கேட்பதற்கு யாரும் முடியாது என்று சொல்வதில்லை.

"அக்கா, மல்லிமதி பன்னெண்டு கேஸ் போடறேங்க்கா."

"எதுக்கு மேன் பன்னெண்டு? மாசத்துக்கு ரெண்டுதான் ஓடுது."

"டார்கெட்டுக்கா. நாளைக்குள்ள ஏத்தலேன்னா இன்சென்டிவ் போயிரும். பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும். வருஷா வருஷம் எடுக்கறதுதானேக்கா, ப்ளீஸ்க்கா. காசு மெதுவா குடுங்க."

ஆமாம், வருஷா வருஷம் எடுப்பதுதான். அந்தச் சந்தில் எல்லாரும் அப்படித்தான். கோவிந்தன் பாவம் என்று மார்ச்சில் பத்துப் பெட்டி வாங்கி உள்ளே தள்ளுவார்கள். ஆகஸ்ட் வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பார்கள், தீராதது உள்ளேயே கிடக்கும். அதை யாரும் தப்பாக நினைத்ததே இல்லை. மனுஷனுக்கு மனுஷன் செய்கிற உதவி. யூனிஸும் இருபத்திரண்டு மார்ச்சில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

பேனாவை வாங்கினாள். கை நின்றது.

"கோவிந்தா, இந்தப் பன்னெண்ட நான் வித்துட்டேனா?"

"இல்லக்கா, இப்பதானே போடப்போறேன்."

"ஆனா கம்பெனி கணக்குல இது வித்தாச்சு."

"ஏஜென்சிக்கு வந்தப்பவே அவங்க கணக்குல வித்தாச்சுக்கா" என்றான் கோவிந்தன் அப்பாவியாக.

யூனிஸ் எழுந்தாள். கடையின் பின்பக்கத் திரைக்கு அந்தப்புறம் மதியம் தலை சாய்க்க ஒரு கயிற்றுக் கட்டில் உண்டு. குனிந்து, அதற்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். மல்லிமதி. தயாரித்த தேதி, போன மார்ச். இன்னொன்று. அதுவும் போன மார்ச். ஏழு பெட்டி வந்தது. வரிசையாக வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். ரகு போனில் பச்சைக் கம்பமாகக் காட்டிய பதினொரு சதவீதம், இத்தனை நாளும் அவள் முதுகுக்குக் கீழேதான் கிடந்திருக்கிறது. அதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

முதலில் கோபம் கோவிந்தன் மேல் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கம்பெனி மேல் போனது. கடைசியில் எங்கேயும் நிற்காமல் தன் மேலேயே வந்து விழுந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அந்தப் பொய்க் கம்பத்தை ஒவ்வொரு செங்கலாக அடுக்கிக் கொடுத்தது அவள் கை. ஐந்து லட்சத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் பொய்யையே நாற்பத்தெட்டு மடங்கு விலைக்கு வாங்க இருந்தாள்.

"கடையப் பாத்துக்கோ" என்று கோவிந்தனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள். விவேக் நகரில் எட்டு, ஈஜிபுரா பக்கம் ஆறு, ஆகப் பதினாலு கடை ஏறி இறங்கினாள். "கட்டிலுக்கு அடியில என்ன வெச்சிருக்க?" என்று கேட்டாள். பரண் மேல், சாமி படத்துக்குப் பின்னால், ஒரு கடையில் குளிக்கிற அறைக்குள், எங்கும் அதே பெட்டிகள், அதே பழைய தேதி. அவள் திரும்பி வந்தபோது கோவிந்தன் ஒரு டஜன் மெழுகுவர்த்தியைச் சரியான விலைக்கு விற்றிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு லக்கேஜ் ஆட்டோ பேசினாள். கடைகளிலிருந்து சேர்ந்தது அறுபத்து மூன்று பெட்டி. டிரைவர் பக்கத்தில் யூனிஸ், மடியில் ஒரு பெட்டி. பிரேசர் டவுனில் ராகவன் ஏஜென்சி வாசலில் பெட்டிகளை இறக்கி, கேட்டை அடைத்து அடுக்கச் சொன்னாள். பின்னாலேயே புதுச் சரக்கோடு வந்த கம்பெனி லாரி உள்ளே போக முடியாமல் ஹார்ன் அடித்தது.

ஏஜென்சி முதலாளி சீனிவாசராகவன் வெளியே வந்தார். அறுபத்தைந்து வயது, சட்டைப் பையில் நாலு பேனா.

"என்னம்மா இது? யூனிஸ் தானே நீங்க? கேட்ட மறிச்சா எப்படி?"

"ரிட்டர்ன். இந்த மாசத் தேதி போட்டு எழுதிக் குடுங்க, போயிடறேன்."

"மார்ச்ல ரிட்டர்னா? அய்யோ, ஏரியா மேனேஜர் என்னைத் தொலைச்சிடுவான். ஏப்ரல்ல வாங்கம்மா, பாத்துக்கலாம்."

"ஏப்ரல்ல வந்தா கம்பெனியோட மார்ச் விற்பனை ஏறினதாவே கணக்குல நிக்கும். நான் மார்ச்சுக்குத்தான் வந்தேன். ஆப்காரனுக்கு எனக்குக் குடுக்கறதவிடக் கம்மியா குடுக்கறீங்க. பழசு என் கட்டிலுக்கு அடியில, புதுசு அவனுக்கு. நான் என்ன உங்களுக்குக் குப்பைத் தொட்டியா?"

"நானா குடுக்கறேன்? அவனுக்குக் கம்பெனி நேரா குடுக்குது!" ராகவன் குரலும் ஏறியது. "எனக்கு மட்டும் யாரு ரிட்டர்ன் எடுக்கறா? வாங்க இப்படி. வந்து பாருங்க!"

பெட்டிகளின் மேலேறித் தாண்டி உள்ளே போனாள். கோடவுனில் தரையிலிருந்து கூரை வரை நவசந்திரா. நடக்க ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து. ஜன்னல் மறைந்து பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. ராகவன் கைகளை விரித்து நடுவில் நின்றார்.

"நாலு மாசச் சரக்கு. எடுக்கலேன்னா ஏஜென்சிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு மிரட்டறான். முப்பத்தோரு வருஷம்மா! என்னை இந்தப் பெட்டிகளுக்கு வாட்ச்மேனா ஆக்கிட்டான்."

யூனிஸ் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அவள் கட்டில் சின்னது. இது பெரிய கட்டில், அவ்வளவுதான்.

"அப்போ எழுதிக் குடுங்க" என்றாள், இந்தத் தடவை மெதுவாக. "இன்னிக்கு நான் உங்ககிட்ட திருப்பறேன். நீங்க அந்த லாரியத் திருப்புங்க."

ராகவன் நாலு பேனாவில் ஒன்றை எடுத்தார். அது எழுதவில்லை. இரண்டாவதை எடுத்து, காகிதம் கிழிகிற அழுத்தத்தில் அறுபத்து மூன்று என்று எழுதித் தேதி போட்டார். "ஏஜென்சியப் புடுங்கினா புடுங்கிக்கட்டும்" என்று லாரிக்காரருக்குக் கையைக் காட்டினார், போ என்று.

ஞாயிற்றுக்கிழமை ரகு கேட்டான். "அப்போ வாங்கலியா, ஆன்ட்டி?"

"இல்ல."

"ஒண்ணு சொல்றேன், அடிக்காதீங்க. உங்க கடையில ஓடலங்கறதால சோப்பே ஓடலன்னு ஆகாது. ஜனங்க ஆப்புல வாங்கறாங்க. நீங்க பாத்தது பதினாலு கடை. கம்பெனி நாளைக்கு நல்லாவே வளரலாம்."

சௌம்யாவின் கையில் பார்த்த சோப்புக் கட்டின் தேதி பிப்ரவரி, புத்தம் புதுசு. பையன் சொல்வது சரிதான்.

"வளரட்டும். அப்பிடி வளந்தாலும் ஆப்காரனுக்கு விலையக் குறைச்சுக் குறைச்சுத்தானே குடுக்கணும்? இன்னிக்கு என்னைப் புழிஞ்சவன் நாளைக்கு ஆப்காரனால புழியப்படுவான். அதுக்கு நாப்பத்தெட்டு வருஷ லாபத்த முன்கூட்டியே நான் ஏன் வெக்கணும்? இருவது வருஷ லாபத்துக்குக் கேளு, உக்காந்து பேசலாம். நல்ல சோப்பா இருக்கலாம் மேன். இந்த விலைக்கு நல்ல சோப்பு இல்ல."

திங்கட்கிழமை நாகேஷிடம் நாலாயிரம் ஏற்றிப் புது அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டாள். நவசந்திராவை நாலாவது வரிசைக்கு இறக்கினாள். கண்ணுக்கு நேரான வரிசையில் கீரை, தேங்காய், இட்லி மாவு, சர்ச்சுக்கு மெழுகுவர்த்தி. கட்டிலுக்கு அடியைக் கழுவி விட்டாள். கடிகாரத்தை மட்டும் அப்படியே விட்டாள், முகம் சுவர்ப்பக்கமாக.

அடுத்த வியாழன் கோவிந்தன் வந்தபோது, லட்சுமம்மாவிடம் யூனிஸ் கதையின் உச்சத்தில் இருந்தாள்.

"...பதினாலு கடைக்காரங்களும் என் பின்னாலதான்! நாங்க பெட்டிய எறக்கின சத்தம் மும்பைக்குக் கேட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஷேரு நூறு ரூபா காலி. சரி, ஒரு அம்பதுன்னு வெச்சுக்கோ."

"ஹௌதா!" அப்படியா என்று வாயைப் பிளந்தாள் லட்சுமம்மா.

கோவிந்தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தான். இந்த மார்ச்சில் இன்சென்டிவ் போனது. மகள் ஃபீஸை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடத்தில் ஒப்புக்கொண்டார்கள். யூனிஸ் கேட்காமலேயே இரண்டு கேஸ் என்று குறித்துக்கொண்டான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"பழைய பெட்டி குடுத்தது பதினாலு இல்லக்கா, ஒன்பது கடை. மீதி அஞ்சு பேரு பழசத் தராம, என் மூஞ்சிக்காகப் புதுசும் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம், ஷேரு எறங்கலக்கா. நான் போன்ல பாத்தேன். அன்னிக்குப் பதினாலு ரூபா ஏறிச்சு."